டிஸ்க் போச்சு என்று எழுதினேன்

சிசிடிவி தொழிலில் ஒரு பொய் உண்டு. அதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுகிறது என்று எழுதினால் வாரண்டியில் மாற்றித்தர மாட்டார்கள். 'முழுப் பழுது, பதிவு எதையும் எடுக்க முடியாது' என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட வேண்டும். ஓசூரில் ஐந்து வருடமாக நான் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

2008இல் சிப்காட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி பாகம் செய்யும் ஒரு பிரஸ் கம்பெனியில் கூப்பிட்டார்கள். ரெக்கார்டர் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க் தேயத் தொடங்கியிருந்தது, ஆனாலும் ஓடியது. பன்னிரண்டு நாள் படமும் சுத்தமாக இருந்தது. பிரஸ் வரிசையில் நிற்பவர்களின் முகம்கூடத் தெரிந்தது. புது டிஸ்க்கை மாட்டி, ஃபார்மேட் செய்து, தேதியைச் சரிபார்த்துவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டேன். ரிப்போர்ட்டில் வழக்கமான வரியை எழுதி மேனேஜரிடம் ஒரு நகல் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இத பத்திரமா வெச்சுக்கறேன் பூபதி" என்று சொல்லி டீ வரவழைத்தார். ஏன் இந்த மரியாதை என்று மடையன் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பூங்கொடி என் கடைக்கு வந்தாள். கெலமங்கலத்துக்காரி. அவள் புருஷன் பெரியதம்பி அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். நான் போவதற்கு நாலு நாள் முன்னால் பிரஸ்ஸில் சிக்கி அவனுடைய வலது கையில் நாலு விரல் போயிருக்கிறது. எந்த ரிஜிஸ்டரிலும் அவன் பெயர் இல்லை. அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்கிறது கம்பெனி.

"கேமராவுல அவுரு தெரிவாருனு கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்கண்ணா. போயி கேட்டா, நீங்க எழுதிக் குடுத்த பேப்பரைக் காட்டறாங்க. நெசமாவே ஒண்ணும் இல்லீங்களா?"

அந்த டிஸ்க் வாரண்டிக்காக எப்போதோ அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்விட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல டிஸ்க் எதற்கு? படம் இருந்தது, நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் என் ஐந்து வருட ரிப்போர்ட்டும் பொய் என்றாகும். வாரண்டி டிஸ்க் தருகிற டீலர் என்னைக் கழற்றிவிடுவான். சிப்காட்டில் ஒரு கேட்டும் எனக்குத் திறக்காது.

"இல்லம்மா" என்றேன்.

லேபர் ஆபீசில் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பெரியதம்பி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆபீசர் என் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க சார்."

"எழுதியிருக்கறது உண்மைதானே?"

"ஆமாங்க சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஒருநாளும் என்னைப் பொய் எழுதச் சொன்னதில்லை; நானாகவே எழுதி நீட்டினேன். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது பூங்கொடி என்னை நோக்கி வந்தாள். வாயில் வந்தபடி திட்டட்டும் என்று நின்றேன்.

"பொழப்ப விட்டுட்டு எங்களுக்காக வந்தீங்க. மிசினு கெட்டுப்போனா நீங்க என்னண்ணா பண்ணுவீங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெரியதம்பி, இடது கையை நெற்றிவரை தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டான்.