பிரேக்கை மிதித்தால் விழும் முள்

அப்ரோஸ் பேகம் மாமி வாரத்தில் மூன்று நாள் வீரசோழனிலிருந்து திருச்சுழிக்குப் போவார். மகள் பர்வீனை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த வீட்டில் வருவது உப்புத் தண்ணீர். அதனால் தன் வீட்டுக் கிணற்று நீரை நான்கு கேன்களில் பிடித்து, கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார். கார் மாமியுடையது. ஓட்டுகிறவள் நான்.

மாமியின் சந்துக்குள் கார் நுழையாது. இரவில் எங்கள் வாசலில்தான் நிற்கும். வினை அங்கிருந்துதான் தொடங்கியது.

சாயங்காலம் இறங்கும்போது மாமி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் முள் பாதியில் நிற்கும். மறுநாள் காலையில் ஏறியதும் பார்ப்பார். முள் சிவப்புக் கோட்டருகே கிடக்கும்.

"ராத்திரி காரு தூங்குச்சா, எங்கயும் ஊரு சுத்தப் போச்சா?" என்று முதலில் வேடிக்கையாகத்தான் கேட்டார். அருப்புக்கோட்டை மெக்கானிக் பாண்டீஸ்வரன் டேங்குக்குள் இருக்கும் மிதவையை மாற்றிக் கொடுத்து, மீட்டரில் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகு அந்தக் கேள்வியில் வேடிக்கை போய்விட்டது.

ஓடும்போது முள் மறுபடி ஏறுகிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அது டேங்கா, கெணறா? ஓட ஓட ஊறுதாக்கும்."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வாதாட வராது. ஒரு சொல்லை நான் தேடி எடுப்பதற்குள் எதிரிலிருப்பவர் பத்துச் சொல் தாண்டிப் போயிருப்பார். பேசாமலிருப்பதைச் சிலர் பணிவு என்பார்கள், சிலர் திமிர் என்பார்கள். மாமி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டார். மற்ற நாட்களில் நான் வண்டி ஓட்டும் மூன்று வீடுகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பெண்கள் வெளியூர் போவதென்றால் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மூன்று வீடுகளும் ஒரே வாரத்தில் நின்றன. ஒரு வீட்டில் மட்டும் காரணம் சொன்னார்கள். "பெட்ரோல் எடுக்குறியாமே."

வியாழக்கிழமை காலை, ஏறி உட்கார்ந்ததும் மாமி சொன்னார். "திங்கக்கெழமைலருந்து இருளப்பசாமி ஓட்ட வாரான். நீ இன்னையோட நின்னுக்க."

"சரி மாமி."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

என்ன சொன்னாலும் முள்ளை நம்புகிறவர் என்னை நம்பப் போவதில்லை. வண்டியை எடுத்தேன்.

இருபுறமும் கருவேலம், இடையிடையே பருத்தி. எதிரே எதுவும் வராத நீளமான சாலை. பிரேக்குக்குக் கால் போக வேண்டிய அவசியமே இல்லை. முள் பாதியில் அசையாமல் நின்றது. ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. காலைப் பிரேக்கில் வைத்துக் காத்திருந்தேன். முள் மெல்லச் சரிந்து சிவப்பில் படுத்தது. ஆடுகள் போயின. காலை எடுத்தேன். சற்று நேரத்தில் முள் எழுந்து நின்றது.

வெறும் சாலையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன். மறுபடி விழுந்தது.

"யாரு குறுக்க வந்தா?"

"யாரும் வரல மாமி."

ஹெட்லைட்டைப் போட்டேன். முள் கொஞ்சம் இறங்கியது.

"பட்டப்பகல்ல லைட்டு எதுக்கு? பேட்டரியையும் தீத்துட்டுப் போகணுமா?"

பிரேக்கை மிதித்தாலும் ஹெட்லைட்டைப் போட்டாலும் பின்விளக்கு எரியும். பின்விளக்கு எரிந்தால் முள் விழுகிறது. பிறகு மற்றதெல்லாம் தானாக விளங்கியது. காலையில் சந்து முனைச் சரிவில், மாமி ஏறும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, காலிக் கேன்களை எடுக்க இறங்கிவிடுவேன். இரவில் எதுவுமே நடக்கவில்லை.

பாண்டீஸ்வரன் மிதவையை மாற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதன் எர்த் வயர் பின்விளக்கு வயர்களோடு சேர்ந்து டிக்கிப் பக்கம் ஓடியது. திருச்சுழியில் கேன்களை இறக்கிவிட்டு டிக்கி விரிப்பைத் தூக்கினேன். அடியில் ஈரம். மூலையில் எல்லா எர்த் வயர்களும் ஒரே போல்ட்டில் வந்து முடிந்தன. அந்த போல்ட் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் துருக் கட்டிதான் தெரிந்தது. மிதவைக்கும் பின்விளக்குக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி அது ஒன்றுதான்; துரு அடைத்த அந்த வழியில் விளக்கு எரிந்தால் மீட்டருக்கான பங்கு குறைந்துபோகும்.

"மாமி, முன்னாடி வந்து உக்காருங்க."

"ஓட்டுற சீட்டுலயா? எனக்கெதுக்கு?"

"ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் பின்னாடி பாக்கணும்."

"போம்மா, ஒன் கார்தான" என்று கார்க் கதவருகே நின்ற பர்வீன் சிரித்தாள். மாமி புர்காவைச் சுருட்டிக்கொண்டு ஏறி, ஸ்டியரிங்கைச் சட்டி விளிம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தார். சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பிவிட்டுப் பின்னால் போனேன்.

"நடு மிதியை மிதிங்க. முள்ளு என்ன செய்யிது?"

முள் சரிய நேரமாகும் என்று தெரியும்; எரிந்த பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"விழுது."

"கால எடுங்க."

பின்விளக்கு அணைந்தது. "ஏறுது" என்று மாமி சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் கேட்டது.

ஸ்பானரால் போல்ட்டைக் கழற்றினேன். உப்புத்தாள் போட்டுத் துருவை உரித்து, வயர் முனையும் தகடும் வெள்ளையாய்ப் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கினேன்.

"இப்ப மிதிங்க."

"மிதிச்சுட்டேன்."

"முள்ளு?"

"நிக்கிது."

"நல்லா மிதிங்க மாமி."

"ரெண்டு காலாலயும் மிதிக்கிறேன்டி. நிக்கிது."

"லைட்டைப் போடு பர்வீன்."

"நிக்கிதுங்குறேன்ல."

நின்றது. இன்னும் நான்கு முறை மிதிக்கச் சொன்னேன். இரண்டாவது முறைக்கே தேவை இருக்கவில்லை. ஈரத்தில் முழங்கால் ஊன்றியபடி, அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்போல் இருந்தது.

மாமி இறங்கி வந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல ஊரே காயிது. இங்க எப்புடி ஈரம்?"

"நீ கொண்டாற தண்ணிதாம்மா. ஒரு கேனுக்கு மூடி சரியா நிக்காது, நாங்கூடச் சொல்லிருக்கேன்ல" என்றாள் பர்வீன்.

மாமி குனிந்து, இறக்கி வைத்த கேன்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகு, "இருளப்பசாமிய வர வேணாங்குறேன்" என்றார்.

"மூணு வீட்டுக்குச் சொன்னீங்க மாமி."

"வீட்டுக்குப் போயிப் பேசுறேன்."

கண்மாய்க் கரையில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தேன். "இங்க டவர் நல்லாக் கெடைக்குது."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "நாந்தேன் அப்ரோஸ். சமீனா மேல தப்பில்ல. மீட்டருக் கோளாறு." நான் திரும்பிப் பார்த்தேன். "எங்க தண்ணி ஒழுகி வந்த கோளாறு. அந்தப் புள்ள தானே கண்டுபுடிச்சுத் தானே சரி பண்ணிருச்சு. நாந்தேன் அவசரப்பட்டுட்டேன்."

இரண்டாவது வீட்டுக்கும் அதையே சொன்னார், சற்று மெதுவான குரலில். மூன்றாவது வீட்டில் மணி அடித்து ஓய்ந்தது.

"எடுக்க மாட்டேங்குறாக. போவமா?"

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டை ஒரு படி பின்னால் சாய்த்துக்கொண்டேன்.

"மறுபடி போடுங்க மாமி. எடுக்குற வரைக்கும் இருக்கேன்."