டிபன் டப்பா அளவுக் கம்ப்யூட்டர்

அக்கா கணக்கு டைப் செய்து பிழைத்த பெரிய கம்ப்யூட்டரை அவள் புருஷன், என் மாமா, நேற்று உதைத்தே உடைத்துவிட்டார். இன்று என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தவள், டிபன் டப்பா அளவே இருந்த மலிவான ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துக் கடைக்காரரிடம் கேட்டாள்.

"இது உழைக்குமாண்ணே?"

"டைப் அடிக்கத் தாராளமாப் போதும்மா. பெரிய வேலைக்கு இழுக்காது. யோசிச்சு வாங்குங்க."

"வேலை முடிஞ்சதும் பைக்குள்ள ஒளிச்சிடலாம்டி," என்று அக்கா என் காதில் சொன்னாள்.

அதற்குள் மாமா உள்ளே நுழைந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார். "மறுபடியும் பொட்டி கேக்குதா உனக்கு?" கண்ணாடி மேசையில் மோதி அவள் உதடு கிழிந்தது. நான் அவர் கையைக் கடித்தேன். என்னைச் சுவரில் தள்ளினார். மீண்டும் அவர் கையை ஓங்கியபோது, அக்கா அந்தப் பெட்டியை அவர் நெற்றியில் இறக்கினாள். மாமா ரத்தம் வழியத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் பெட்டியை வாங்கி, கடையிலிருந்த திரையின் ஒயரை அதில் செருகினார். திரை ஒளிர்ந்தது.

"ஓரம் நசுங்கிருச்சும்மா. வேற தரட்டுமா?"

"இதையே கட்டுங்கண்ணே," என்று அக்கா உதட்டைத் துடைத்தாள். "அம்மா வீட்டுல மேசை மேலயே வச்சுக்கிறேன்."