பிரிஜெட்டுக்கு அம்மா உண்டு

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. கிறிஸ்துமஸ் மலருக்கு மனத்தை உருக்கும்படி ஏதாவது எழுதித்தரச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் சேஷகிரி கேட்டிருந்தார். தொம்மலூரில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி காந்தா. ஐந்து வருடங்களுக்கு முன்பு, வாழ்த்து அட்டை செய்யும் கூடம் ஒன்றில் அவள் வேலைபார்த்தபோது, கூட வேலைபார்த்த ஒரு பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் நடந்ததை என்னிடம் சொல்லியிருந்தாள். அதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணை அநாதையாகவே வைத்துவிடுங்களேன், அம்மா எதற்கு, இடைஞ்சலாக இருக்கிறாள் என்றார்.

அந்த அம்மாதான் கதையே. [இப்படிச் சொல்பவருக்கும் அந்தக் கூடத்தை நடத்தியவருக்கும் என்ன—] வேண்டாம். கோபத்தில் எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிடுவேன் போலிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய அந்தக் காலையில், கண்டோன்மெண்ட் சாலையின் மரங்கள்—" அடித்துவிட்டேன். மரங்களுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: "பிரிஜெட் ஓர் ஏழைப் பெண்." இதையும் அடித்துவிட்டேன். அந்தக் கூடத்தை நடத்திய டோரதி அம்மாளும், பார்க்க வருகிறவர்களிடம் இப்படித்தான் ஆரம்பிப்பாராம்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். 1958-இல் பிரிஜெட்டுக்கு வயது இருபத்திரண்டு. உப்பைக் கொண்டு பனி பெய்யவைக்க அவளுக்குத் தெரியும்.

தடித்த காகிதத்தை நனைத்து, நீல வர்ணத்தைத் தூரிகையால் ஓடவிடுவாள். அது காய்வதற்குள் உப்பைத் தூவுவாள். உப்பு விழுந்த இடத்திலெல்லாம் நீலம் விலகி, வெள்ளைப் பொரிகள் பூக்கும். நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில் முன்னதாகவே மெழுகுவர்த்தித் துண்டால் கீறிவைத்திருப்பாள். அங்கே வர்ணம் ஒட்டாது. மணியும் குடிலும் முத்திரைகள். வெள்ளைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன பங்களாக்களின் தரையிலிருந்து உரித்த லினோலிய விரிப்புத் துண்டில், தீட்டிய குடைக்கம்பியால் அவளே செதுக்கியவை.

(பிரிஜெட் பனியைப் பார்த்ததில்லை. காந்தாவும் பார்த்ததில்லை. பனி இன்னும் கொஞ்சம் மெல்லிசாக விழவேண்டும் என்று திருத்தம் சொன்ன டோரதி அம்மாளும்தான்.)

அப்பா தங்கவயல் சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுச் செத்தார். அதன்பிறகு அம்மா சின்னத்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தாள். பங்களா பங்களாவாகப் பாத்திரம் தேய்த்து, மகளை எட்டாவது வரை கான்வென்டில் படிக்கவைத்தாள்.

3

டோரதி அம்மாளை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவரை ஒரு பூதமாக எழுத ஆசைதான். ஆனால் சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தவர் அவர். உடம்பு சரியில்லை என்றால் டாக்டரை வரவழைப்பார். தன் பங்களாவின் பின்கட்டையே பெண்களுக்கு வேலைக்கூடமாக ஒழித்துக் கொடுத்திருந்தார். காந்தா இதையெல்லாம் விடாமல் சொன்னாள். நியாயமாக எழுதவேண்டியிருப்பது என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது.

அட்டைகள் கப்பலேறி வெளிநாட்டு மாதா கோயில்களுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் கோத்த சின்னச் சீட்டு ஒன்று தொங்கும். அதில் ஒரு வரி வேண்டும் என்று டோரதி அம்மாள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்: 'இதைத் தீட்டியது ஓர் அநாதைப் பெண்ணின் கை.' முத்திரைக்கு எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். அது பிரிஜெட்டுக்குத்தான் வரும்.

அவள் படித்துப் பார்த்துவிட்டு, "எங்கம்மா உசுரோட இருக்குது மேடம்" என்றாள்.

கூடத்தில் இருந்த பெண்களில் தாய் தகப்பன் இல்லாதவர்கள் இரண்டு பேர்தான். டோரதி அம்மாள் கோபப்படவில்லை. ஆளுக்கொரு சீட்டு அடிக்கமுடியுமா என்று கேட்டார். அப்புறம் அன்பாகவே சொன்னார்: "உனக்கு அப்பா இல்லதானே? பாதி உண்மைதானே, பிரிஜெட்."

பாதி உண்மை.

பிரிஜெட் செதுக்கிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொன்னாள். சின்னத்தாய் சிரித்தாளாம். சீட்டுல எழுதினா நான் செத்தா போயிடப் போறேன் என்றாளாம்.

4

நவம்பரில் ஒரு பகல். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு சீமாட்டிகள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிஜெட் சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். டோரதி அம்மாள் அவள் தோளில் கைவைத்து, அவளுக்கு உலகத்தில் யாருமே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னத்தாய் வாசலில் வந்து நின்றாள். தங்கவயலில் அண்ணி இறந்துபோன சேதி வந்திருந்தது. ரயிலுக்குப் போகுமுன் மகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்திருந்தாள். முகத்தில் அப்படியே மகளின் ஜாடை.

சீமாட்டிகளில் ஒருத்தி, இது யார் என்று கேட்டாள்.

"எங்கள் ஆயா" என்றார் டோரதி அம்மாள்.

பங்களாக்களில் காலம் தள்ளிய சின்னத்தாய்க்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். யாரும் அவளை ஏவவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். மேசைகளுக்கு அடியில் கிடந்த காகிதத் துணுக்குகளைப் பெருக்க ஆரம்பித்தாள்.

[இந்த இடத்தில் எப்போதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். சேஷகிரி இதைத்தான் இடைஞ்சல் என்று—]

பிரிஜெட் எழுந்து நின்று, "ஷீ ஈஸ் மை மதர்" என்றாள்.

எல்லோரும் சின்னத்தாயைப் பார்த்தார்கள். அவள் நிமிராமல், பெருக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "நோ மேடம். ஐ ஆயா."

5

முதல் பிரதியில் பிரிஜெட் மைத்தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். காந்தாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"சும்மா இருங்கக்கா" என்றாள் காந்தா. "பக்கத்துலயே காயவெச்ச அட்டை அம்பாரமா இருந்துச்சு. மை தெறிச்சா எல்லாம் பாழ். எங்க கைவேலைய அவ பாழாக்குவாளா?"

இரண்டாவது பிரதியில் அவள் அழுதாள். நானே கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். பிரிஜெட் உட்கார்ந்தாள். முத்திரைக் கட்டையைத் துணியால் துடைத்தாள். குடைக்கம்பியை எடுத்து, 'அநாதை' என்ற சொல்லை மட்டும் எழுத்தெழுத்தாகத் தோண்டி எடுத்தாள். பக்கத்து எழுத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று காந்தா சொன்னாள். பிறகு மை தொட்டு ஒரு புதுச் சீட்டில் குத்தி, சீமாட்டியின் கையில் கொடுத்தாள். நடுவில் காலியிடம். என்ன இது என்று அவள் கேட்க, கட்டை தேய்ந்துவிட்டது என்றார் டோரதி அம்மாள். சீமாட்டி தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை.

விருந்தாளிகள் போனதும் பிரிஜெட்டை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றுவரைக்குமான கூலியை டோரதி அம்மாள் சரியாகக் கொடுத்தார். அதையும் எழுதி அவருக்கு நியாயம் செய்தாகிவிட்டது.

6

தாயும் மகளும் வாசல் கேட்டுவரை ஒன்றாக நடந்தார்கள். பிரிஜெட் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு காந்தா பின்னாலேயே ஓடினாள். அதனால்தான் இவ்வளவாவது எனக்குத் தெரியும்.

"ரெண்டு நிமிசம் பெருக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள் சின்னத்தாய். "இப்ப இன்னா கெடச்சுது உனக்கு? வேலை போச்சு."

"நீ ஏம்மா இல்லன்னு சொன்ன?"

காந்தாவைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சின்னத்தாய் சாவியை மகளின் கையில் வைத்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பதிலை நான் எழுதிப் பார்க்காமல் இல்லை.

'உன் வேலைக்காகத்தான்டி.' எழுதினேன். இது போதும், வாசகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு மலரை மூடிவைக்கலாம். அடித்தேன்.

'என்னை அம்மான்னு சொல்ல உனக்கே கூச்சமா இருக்கும்னு நெனச்சேன்.' இதை எழுதியபோது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. கூசவேண்டியவர்களை விட்டுவிட்டு, பழியை அந்த இரண்டு பேருக்குள்ளேயே பங்குபோடுகிறேன்.

'அவங்க சொல்றதுக்கு முந்தியே நான்—' இது பாதியில் நின்றுவிட்டது. மேலே எழுத வரவில்லை.

அடுத்த மாதமே பிரிஜெட்டுக்குச் சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்தது. தாயும் மகளும் இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அம்மா பதில் சொன்னாளா என்று காந்தா ஒருமுறை கேட்டாளாம். அப்புறம் நான் கேக்கவே இல்ல என்றாளாம் பிரிஜெட்.

எனக்குத் தெரிந்தது இன்னும் கொஞ்சம்தான். சாவு காரியம் முடிந்து சின்னத்தாய் தங்கவயலிலிருந்து திரும்பியபோது, மகள் சோறு வடித்து வைத்திருந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: சின்னத்தாயை அழவைக்காதீர்கள். துணுக்குகளையெல்லாம் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் அவள் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று காந்தா சொன்னாள்.