நிலாவில் இறங்காதவர்

நிலாவுக்குப் போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பப் போகிறார்கள். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்து உல்லாஸ்நகருக்குப் போன நெல்லையப்பன் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆடி மாதம் முப்பிடாதியின் நெஞ்சைக் குடைந்தது இதுதான்.

நெல்லையப்பன் அவள் புருஷன். தாராவியில் மாமனார் பிரம்மநாயகத்தின் வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. வேலை இல்லாமல் இருந்த ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் மாமனார், "உக்காந்து தின்னா பம்பாயே பத்தாது" என்று சொல்லித் தொலைத்தார். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான். உல்லாஸ்நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான் என்று தகவல் மட்டும் வந்தது.

ரோஷப்பட்டுப் போன மாப்பிள்ளையை மாமனார் வெற்றிலை பாக்கோடு போய்க் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. பிரம்மநாயகத்துக்கோ வீம்பு. "போனவனுக்கு வர வழி தெரியாதா?" என்பார். முப்பிடாதியும் லேசுப்பட்டவள் இல்லை. தன்மேல் ஆசையிருந்தால் தானாக வரட்டும் என்று இருந்தாள். அவளுக்கு ஆசை இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அரிசி களைந்த கையோடு எழுந்து பார்ப்பாள்.

பக்கத்து வீட்டு சலாவுதீனின் டிரான்சிஸ்டரைச் சுற்றி அந்த வாரம் ஒரே கூட்டம். நிலாவில் மழை பெய்யுமா, மூச்சு விட முடியுமா, அங்கிருந்து பார்த்தால் பூமி தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செய்தியில் கேட்டதை வைத்து சலாவுதீன் சளைக்காமல் பதில் சொன்னார். தெரியாததற்கும் சொன்னார்.

முப்பிடாதி ஒன்றே ஒன்று கேட்டாள். "எப்படி அண்ணாச்சி திரும்பி வருவாங்க?"

"கடல்ல வந்து விழுவாங்க தாயி. கப்பல் முன்னாடியே போய் நிக்கும். அது போய்த் தூக்கிட்டு வரும்."

"அவங்களா கரைக்கு வர மாட்டாங்களா?"

"அம்புட்டு தூரம் போயிட்டு வாரவங்க. கரை வரைக்கும் நீந்தச் சொல்லுதியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாவரை போனவனையே ஆள் போய்த்தான் கூட்டி வர வேண்டியிருக்கிறது.

மறுநாள் அப்பாவிடம் சொல்லாமல் வெற்றிலை பாக்கு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பக்கத்து சயான் ஸ்டேஷனில் வண்டி ஏறினாள். பெண்பிள்ளை போய்ப் புருஷனைக் கூப்பிடுவது எந்த ஊரிலும் முறை இல்லை. முறை கிடக்கட்டும், யாருக்கு வேண்டும்.

ஒர்க்‌ஷாப் வாசலில் மழையில் நனைந்து நின்றவளைப் பார்த்ததும் நெல்லையப்பன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். இளைத்துப்போயிருந்தான்.

"மாமா வரலியா?"

"நான்தான் வந்திருக்கேன்."

அவன் கிரீஸ் கையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். பிறகு சம்பந்தமே இல்லாமல், "நிலா சேதி கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"மூணு பேரு போனாங்கல்லா. அதுல ஒருத்தரு இறங்கவே இல்லையாம். அவ்வளவு கிட்டப் போயும் மேலேயே சுத்திக்கிட்டு இருந்தாராம்."

"அதுக்கு என்ன இப்போ?"

"நானும் ஞாயித்துக்கிழமையானா சயான் வரைக்கும் வருவேன்ளா. பிளாட்பாரத்துல ஒரு சாயா குடிச்சிட்டு அடுத்த வண்டியில திரும்பிருவேன்."

முப்பிடாதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சயான் ஸ்டேஷனிலிருந்து வீடு கூப்பிடு தூரம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து வெற்றிலையை அவன் கையில் வைத்தாள். "கூப்பிட்டாச்சு, வாங்க" என்றாள்.