லைசென்ஸ் கேட்ட காலை

2018 ஜூலை 12, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தாஸ்மானியாவின் பர்னி நகரில் வெப்பநிலை நான்கு டிகிரி.

கேட்டுவிட வேண்டும், வாசலிலேயே கேட்டுவிட வேண்டும், உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும், என்று நெரிடா சமையலறை ஜன்னலில் நின்றபடி நினைத்துக்கொண்டாள்... மெல்போர்னிலிருந்து மகள் ஃபியோனா நேற்றும் போனில் அதையேதான் சொன்னாள், வருகிற எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் லைசென்ஸ் அட்டையைக் கேள் அம்மா, எண்ணைக் குறித்துக்கொள், இன்சூரன்ஸ் தாளைப் பார், பின்தெருவில் எரிந்த வீட்டுக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டதே, மறந்துவிட்டாயா என்று. சொல்வது எளிது. வரப்போகிறவன் ஷேன், இதே தெருவிலுள்ள கெல்வின் பர்ஜெஸின் மகன், இதே மேசையின் மேல் படுக்கவைத்து அவனுக்கு அணையாடை மாற்றியிருக்கிறாள். கணவர் ரெக்ஸ் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவர் இருந்தவரை கதவு ஓயாமல் தட்டப்பட்டுக்கொண்டிருந்தது, இப்போது தட்டுகிறவர்கள் பர்ஜெஸ் வீட்டார் மட்டும்தான், அவர்களும் வராவிட்டால் இந்த வீட்டில் யார் குரல் கேட்கும்? அந்த ஒரு வீட்டுப் பிள்ளையிடம் போய், நீ சரியான ஆள்தானா, காட்டு பார்ப்போம் என்பதா...

இந்தத் தெருவில் யாரும் யாரிடமும் எதையும் காட்டச் சொன்னதில்லை. அந்த நாட்களில் காகித ஆலையின் சங்கு சனிக்கிழமை மதியம் ஊதியதும் ஆண்கள் ஆலை உடுப்போடே யாராவது ஒருவர் வீட்டுக் கூரையில் ஏறிவிடுவார்கள், இந்த வாரம் நம் வீடு, அடுத்த வாரம் எதிர்வீடு, குழாய் தெரிந்தவன் குழாயைப் பார்ப்பான், ஓடு தெரிந்தவன் ஓட்டைப் பார்ப்பான், தெரியாதவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கேலி செய்வான், கூலி ஒரு பெட்டி பியர், அதையும் வேலை முடிந்ததும் எல்லாருமாக உட்கார்ந்து அங்கேயே காலி செய்துவிடுவார்கள். பெண்கள் ஆட்டிறைச்சி வைத்த ரொட்டியை அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், போதவே போதாது. அவளுக்கு அப்போது அலுப்பாகத்தான் இருந்தது, சனிக்கிழமையாவது கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாமே என்று ரெக்ஸிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்... அந்தச் சத்தத்துக்கு இப்போது எதையும் கொடுக்கத் தயார் என்று தோன்றுவது எவ்வளவு வேடிக்கை. அப்போதும் ஷேன் அப்படியொன்றும் நல்ல பிள்ளை இல்லை, ரொட்டியைத் திருடி நாய்க்குப் போடுவான். பிறகு அவன் படித்துத் தேறி லைசென்ஸ் வாங்கியபோது கெல்வின் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு பௌலிங் கிளப்பில் மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு திரிந்தான், ஆலையில் கிரேன் ஓட்டியவன் மகனுக்குச் சட்டமே கை கொடுத்திருக்கிறது என்று.

வேன் வந்து நின்றது. ஷேன் சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை மட்டும் செருகிக்கொண்டு, கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

“என்ன ஆன்ட்டி, குளியலறைய அரண்மனையாக்கப் போறீங்களாமே. அப்பா சொல்லிச் சிரிக்கிறாரு.”

அரண்மனை இல்லை, தொட்டியை எடுத்துவிட்டு உட்கார்ந்து குளிக்க வசதி செய்யப் போகிறார்கள், அவ்வளவுதான், இடுப்பு வலிக்கிறது, இந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமென்றால் அது வேண்டும், என்று சொல்லிக்கொண்டே போனாள், சொல்லிக்கொண்டே போனால் கேட்கவேண்டியது தானாக மறந்துவிடுமா... மறக்கவில்லை.

“ஷேன், தப்பா எடுத்துக்காதப்பா. உன் லைசென்ஸக் கொஞ்சம் பாக்கணும். ஃபியோனா கேட்டே ஆகணும்னுட்டா.”

 “எங்கப்பாவுக்கு ஒரு பெட்டி பியர், எனக்கு மட்டும் போலீஸ் விசாரணையா?” என்றான், சிரிப்பது போலத்தான். அட்டையை எடுத்து மேசையில் அவள் பக்கம் திருப்பி வைத்தான். அவள் கண்ணாடியைத் தேடி, எண்ணைப் பழைய பில்லின் பின்னால் எழுதி, கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதி, அடித்து, மறுபடி எழுதி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு வேனுக்குப் போனான். இன்சூரன்ஸ் தாளும், படிவம் செருகிய எழுத்துப்பலகையும், டார்ச்சும் கொண்டுவந்தான். பலகையோடு அவன் இந்த வீட்டுக்குள் வந்ததை அவள் பார்த்ததே இல்லை.

குளியலறைக் கூரைத் திறப்பு வழியாகத் தலையை மேலே விட்டு அவன் டார்ச்சை மூலை மூலையாக அடித்துப் பார்த்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

“இந்த ஹீட்டர் விளக்குக்கு வயர் இழுத்தது யாரு ஆன்ட்டி?”

கேள்வி வந்ததுமே அந்தக் குளிர்காலம் வந்து நின்றது, 1984, ஃபியோனாவுக்கு எட்டு மாதம், குளிக்கவைத்தால் உதடு நீலமாகிவிடும், ரெக்ஸ் கீழே நின்று டார்ச்சைப் பிடிக்க ஏணியில் நின்றவன் கெல்வின், நொட்டாங்கையா எங்க வீட்டக் கொளுத்திடாதடா என்று ரெக்ஸ் கத்த, அப்படியாவது உனக்குக் கதகதப்பு வரட்டும் என்று மேலேயிருந்து பதில், விளக்கு எரிந்ததும் நாலு பேருமாகக் குழந்தையோடு அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், கெல்வினின் மனைவி கோட்டைக் கழற்றிவிட்டு, கோடை வந்துடுச்சு பாருங்க என்றாள்... படிவத்தில் பெயர் எழுதுவார்களோ? லைசென்ஸ் இல்லாமல் வயர் இழுத்ததற்கு எழுபத்தாறு வயதில் கெல்வினுக்குக் கடிதம் வருமோ, அதுவும் மகன் கையெழுத்தில்?

“ரெக்ஸ்தான்” என்றாள்.

“டேப்ப இடப்பக்கமாச் சுத்தியிருக்கு. ரெக்ஸ் அங்கிளுக்கு இடது கைப் பழக்கமா?”

“ஆமா.”

“சரி.” அவன் இறங்கினான். டேப் பொடியாக உதிர்கிறது, எர்த் கம்பியே இல்லை என்றான், இத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம் என்றான். பிறகு அவளைப் பார்க்காமல், “நீங்க கேக்காம இருந்திருந்தா, நானே சத்தமில்லாம சரிபண்ணிட்டுப் போயிருப்பேன். அட்டையக் காட்டிட்டேன், இப்பப் பாக்காத மாதிரி இருக்க முடியாதுல்ல” என்றான்.

கோபமா அது, வருத்தமா, அல்லது வெறும் தகவலா... கேட்டது தவறா? கேட்காமலிருந்து ஒரு நாள் வீடு எரிந்திருந்தால்? அவன் பலகையை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடற்கரையில் ரெக்ஸ் பந்து வீசியது இந்த ஷேனுக்குத்தான், பத்து வருடம், வலது கையால், மட்டையைப் பிடித்து எதிரே நின்றவன் அதை மறப்பானா? தெரிந்தேதான் சரி என்றானா, யாருக்காக, அப்பாவுக்காகவா, தனக்காகவா... கேட்க முடியாது. இன்று ஏற்கனவே ஒன்றைக் கேட்டாயிற்று.

படிவத்தில் ‘நிறுவியவர்’ என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. நெரிடா கீழே கையெழுத்திட்டாள். பதினொன்று இருபதுக்குக் குளியலறைக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது.