நண்டுமேட்டில் நின்ற செவ்வாய்க்கிழமை

டபடபவென்று ஒரு சத்தம் எழுந்தது. கோயில் வேப்பமரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. பிரேமா ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்திருந்தாள். அந்த நிமிடத்தோடு நண்டுமேட்டுக் குப்பத்து எல்லம்மன் கோயில் முற்றத்தில் பொழுது சாய்வது நின்றுபோனது. அது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. முற்றத்தில் இன்றைக்கும் அதே செவ்வாய்க்கிழமைதான்.

பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை இறக்குவது என்பதற்கு நண்டுமேட்டில் வருஷம் ஒரு தடவை சீட்டு எடுப்பார்கள். வீட்டு ஆண் தன் கையால் பானையிலிருந்து எடுக்க வேண்டும். சாயங்காலம் அம்மனுக்கு விளக்கு வைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். வராதவன் சீட்டு வரிசையில் அடுத்தவனுக்குப் போகும். அன்று எல்லோரும் எடுத்தாகிப் பானையில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது. மற்ற இடங்கள் எல்லாம் போய்விட்டதால் அதைப் பிரிக்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முகத்துவாரம். ஏரி கடலோடு சேரும் வாய். ஒரே வருஷம் அங்கே வலை இறக்கியவர்கள் ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியிருக்கிறார்கள். அந்தச் சீட்டு பிரேமாவின் கணவன் தீனாவுக்கு உரியது. தீனா வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன். சீட்டுக்காகப் புறப்பட்டவனைப் படகு முதலாளி வழியிலேயே மறித்துப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். வரிசையில் அடுத்தவர் பரசுராமன்.

"அவரு வரலன்னா நான் எடுக்கறேன். என் கைய உட்டா பானை உடஞ்சிடுமா?" என்று பிரேமா கேட்டாள்.

"வழக்கம் அப்டிம்மா," என்றார் ஊர்த் தலைவர் லோகநாதன். "வெளக்கு வைக்கறதுக்குள்ள உன் புருஷன் வந்தா எடுக்கட்டும். யாரு வாணான்றாங்க?"

அப்போதுதான் கரண்ட் போனது. வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் குப்பத்திலிருந்தே பார்க்கலாம். அதற்காகக் கரண்ட் போவது குறைந்துவிடவில்லை. மைக் செட்டுக்காக ஜெனரேட்டரைப் போடச் சொன்னார் தலைவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூடிக்கிடந்த பட்டறை ஒன்றிலிருந்து தீனா வாங்கி வந்தது அது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று பிரேமா அதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றை இழுத்தாள்.

தலைவர் திரியும் எண்ணெயுமாகக் காத்திருந்தார். சூரியன் ஏரிக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றது நின்றபடியே இருந்தது. டீ வாங்கப் போன ஒருவர் திரும்பி வந்து, வெளியே விடிந்துவிட்டது என்று சொன்னார். போய்ப் பார்த்தார்கள். சீரியல் பல்பு ஒயர் சுற்றியிருந்த இடம் வரைக்கும் சாயங்காலம். ஒயரைத் தாண்டினால் புதன்கிழமை காலை, இட்லிக் கடையில் கூட்டம். பரசுராமன் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பேஜாரா போச்சே," என்றார். "அத ஆப் பண்ணும்மா, ஊரு வேல நிக்கிது."

"இருட்டனாத்தானே மாமா வெளக்கு? இருட்டட்டும், ஆப் பண்றேன்."

தலைவர் யோசித்துப் பார்த்தார். வழக்கத்தில் இதற்கு எதிராக ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனார்.

வாரக்கணக்கில் ஜெனரேட்டர் ஓடியது. முற்றத்தில் எதுவும் நகரவில்லை, பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஓடும்போது ஊற்றக்கூடாது என்று டேங்க்கின் மேலே ஒட்டியிருந்ததைப் பிரேமா படித்திருந்தாள். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு ஓடும்போதே ஊற்றினாள். கையிலிருந்த பெட்ரோல் தீரப்போன நேரத்தில் ஒரு மீன்காரம்மா அதற்கு வழி கண்டுபிடித்தாள். முற்றத்தில் மறந்து வைத்துப்போன அவளுடைய கூடையில் இறால்கள் மூன்றாம் நாளும் துள்ளிக்கொண்டிருந்தன. ஐஸ் இல்லை, உப்பு இல்லை. அதன்பிறகு பழவேற்காட்டிலிருந்து கூடைகள் வந்தன. பொன்னேரிப் பூக்காரர்கள் மல்லிகை மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள், மொட்டு மொட்டாகவே இருந்தது. திருப்பாச்சூரிலிருந்து ஒரு விவசாயி மழையில் நனைந்த நெல்லை மினி லாரியில் ஏற்றி வந்து குவித்தார். நெல் காயவில்லை, முளைக்கவும் இல்லை. கிரைண்டரில் ஆட்டிய மாவு புளிக்கவில்லை. வேப்பம்பட்டிலிருந்து வந்த நிறைமாதக்காரி ஒருத்தி, புருஷன் வேலையிலிருந்து லீவு கிடைத்து வரும் வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததும் ஒயரைத் தாண்டினாள், வலி எடுத்தது. பல்வலியோடு வந்த ஒருவர் மட்டும், வலி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று திட்டிவிட்டுப் போனார். சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை முடியவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வர வேண்டாம் என்று பிரேமா சொல்லிவிட்டாள். யாரிடமும் வாடகை கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டில் பெட்ரோல் கொண்டுவந்தால் போதும் என்றாள்.

தீனா வாரா வாரம் போன் செய்வான். "சீட்டு இன்னா ஆச்சி?" என்பான். "இன்னும் பொழுது சாயல. நீ பதட்டப்படாம வா," என்பாள் அவள்.

முகத்துவாரத்தில் யாரும் வலை இறக்கவில்லை. சீட்டு முடியாத இடம் யாருக்கும் சொந்தமில்லை. அது முடியாமல் அடுத்த வருஷத்துச் சீட்டும் இல்லை, மற்றவர்கள் எடுத்த இடத்திலேயே இறக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து அங்கே மடவை மீன்கள் ஆள் உயரத்துக்குத் துள்ளின. இரண்டாம் வருஷம் கொடுவா மீன்கள் படகுக்குப் பக்கத்தில் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. பரசுராமன் தினமும் அதைப் பார்த்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்து ஒயர் ஓரம் உட்காருவார். என்றைக்காவது இருமி நின்றுவிடுமா என்று ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி உட்கார வந்தவர் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே தன் மனைவி முத்தம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கினார். கையில் ஒரு பாய். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒயருக்கு உள்ளே பாயை விரித்து அவளை உட்கார வைத்தார். பிரேமாவைப் பார்க்கவில்லை.

பிரேமா எழுந்து போய்ப் பாயை இழுத்தாள். பரசுராமன் பதறிப்போனார்.

"அங்க புகை அடிக்கும் மாமா," என்றாள் அவள். காற்று வரும் பக்கமாகப் பாயைப் போட்டாள்.

முத்தம்மாள் இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, "சும்மா எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கறது? அந்தக் கூடைய இப்டித் தள்ளு," என்றாள். இறால் உரிக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு மாதம் முடிந்தது. இன்னொரு மாதமும் முடிந்தது. அவள் தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. பசிக்கவில்லை என்றாள். உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். பெட்ரோல் பங்கில் கேனில் ஊற்ற மாட்டோம் என்று சொன்ன நாட்களில் பரசுராமன் தன் பைக் டேங்க்கை நிரப்பி வந்து, ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சிக் கேனில் இறக்கினார். இந்த ஆள் தனக்கு வரவேண்டிய சீட்டுக்குத் தானே பெட்ரோல் ஊற்றித் தள்ளிப்போடுகிறாரே என்று குப்பம் சிரித்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனார்.

நான்காவது வருஷம் தீனா வந்தான். முன் தலையில் முடி கொட்டியிருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஒயரைத் தாண்டி உள்ளே வந்து, "லேட்டாயிடுச்சா?" என்றான்.

"இன்னா லேட்டு? செவ்வாக்கெழமதான்," என்றாள் பிரேமா. சிரிக்க நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

லோகநாதனை வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். தீனா பானையில் கையை விட்டுச் சீட்டை எடுத்தான். முகத்துவாரம் என்று தலைவர் மைக்கில் படித்தார். தெரிந்த விஷயம்தான் என்றாலும் எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் நான்கு வருஷமாக மூடி வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தார்.

"வெளக்கு வச்சாத்தான் சீட்டு செல்லும். அத நிறுத்தும்மா, இருட்டட்டும்."

பிரேமா சுவிட்சின் மேல் கையை வைத்தாள். முகத்துவாரத்தில் ஏதோ பெரிய மீன் விழுந்த சத்தம் இங்கே வரை கேட்டது. தீனா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பரசுராமன் கேனைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். நிறுத்தாதே என்று சொல்ல அவருக்கு ஒரு நியாயமும் இல்லை. முத்தம்மாள் மட்டும் தலை நிமிராமல், "இரும்மா, இந்தக் கூட முடியட்டும்," என்றாள். கூடையில் கழுத்துவரை இறால் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நிறையக் கூடைகள் வரிசையில் இருந்தன.

பிரேமா தீனாவைப் பார்த்தாள். தீனா கூடைகளைப் பார்த்தான், போனில் அவள் சொல்லியிருந்த அந்தப் பாயைப் பார்த்தான். பையை இறக்கித் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தான். பிரேமா சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு ஈரச் சாக்கைத் தேடினாள்.

"இன்னா மாமா மரமாட்டம் நின்னுக்கினு கீற? டேங்க்கு காலியாவுது, கேன இப்டிக் குடு."