பிணையில்லாமல் ஓர் அட்டை

மார்க்கண்டரின் கையெழுத்து உடுவில் ஊரில் பிரசித்தமானது. கேற்றில் 'அகில இலங்கைச் சமாதான நீதவான்' என்று பலகை. சட்டைப் பையில் றப்பர் சீல். தங்கையின் புருசன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கியபோது லீசிங்காரருக்குப் பிணை வைத்தது அவர்தான். கடன் கட்டி முடிந்து, லான்ட்மாஸ்டரின் பெயின்ரும் உரிந்துவிட்டது. கையெழுத்து மட்டும் முடிந்தபாடில்லை. கலியாண வீடு, செத்த வீடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, எங்கே பந்தியில் இருந்தாலும், "அண்டைக்கு நான் சைன் வைக்காட்டி இவன்ரை தோட்டம் என்னாகியிருக்கும்?" என்று தொடங்கிவிடுவார். அதே பந்தியில் இருக்கும் தங்கை புருசன் குனிந்து சோற்றைப் பிசைவார்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்து வளர்ந்தவள் அவருடைய மகள் ஆரபி. பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம், மூன்றாம் வருடம். அவளுடைய இலட்சியம் ஒன்றுதான்: வாழ்நாளில் எந்தக் கடனுக்கும் மாமாவின் கையெழுத்தைக் கேட்கக்கூடாது. ரியூசன் சொல்லிச் சேர்த்த காசை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, அதைக் காட்டி முதல் கடனட்டையை எடுத்தாள். டேட்டாவுக்கும் போட்டோக்கொப்பிக்கும் அதைத் தேய்த்து, மாதம் தவறாமல் கட்டி வந்தாள். அடுத்த அட்டை வைப்பும் பிணையும் இல்லாமல் கிடைத்துவிட்டால், வங்கி அவளை ஓர் ஆளாகக் கணக்கெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

எந்த அட்டைக்கு விண்ணப்பிப்பது என்று அவள் இரண்டு விளம்பரத் தாள்களை விரித்து வைத்திருந்த வெள்ளிக்கிழமை மாலையில், மார்க்கண்டர் தேத்தண்ணிக்கு வந்து சேர்ந்தார்.

"உதென்ன பிள்ளை, வெறும் பச்சைக் காட்? மற்றதைப் பார், பிளேன் படம் போட்டிருக்கு. கட்டுநாயக்கா எயாப்போட்டிலை லவுஞ்சுக்குள்ளை ராசாத்தி மாதிரிப் போய் இருக்கலாம்."

"நான் சாவகச்சேரிக்கே பஸ்ஸிலை நிண்டுகொண்டுதான் மாமா போறனான். பச்சைக்கு வருசக் கட்டணம் இல்லை."

"கட்டணம் இல்லாத சாமானுக்கு மதிப்பும் இல்லை." மார்க்கண்டர் தன் பேர்சைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். சரஸ்வதி பூசைக்குப் பூசிய சந்தனம் அதன் ஓரத்தில் காய்ந்திருந்தது. "கோல்ட்! பென்சன் எடுக்கேக்கை மனேச்சர் தன்ரை கையாலை தந்தது. இண்டைவரைக்கும் ஒருக்காலும் பாவிக்கேல்லை. அவங்கள் கடிதம் கடிதமாப் போடுறாங்கள், நான் உடைச்சும் பாக்கிறேல்லை."

ஆரபிக்குக் களைப்பாக இருந்தது. பகல் முழுக்க விரிவுரை, பிறகு ரியூசன், பிறகு பஸ். ரியூசன் காசு அன்றுதான் கணக்கில் விழுந்திருந்தது. அட்டைக்குக் கட்டக் கடைசி நாளும் அன்றுதான். போனை எடுத்தாள்.

சாமியறையிலிருந்து தாய் குணலட்சுமி எட்டிப் பார்த்தாள். "எடியே, விளக்கு வைச்சிட்டன். வெள்ளிக்கிழமை காசு வெளியிலை குடுக்கிறேல்லை."

"காசு வீட்டிலையே இல்லை அம்மா. வங்கிக்குள்ளையே ஒரு கணக்கிலையிருந்து மற்றக் கணக்குக்குப் போகுது."

"எங்கையிருந்து போனாலும் உன்ரை காசுதானே போகுது?"

இதற்குப் பதில் முகாமைத்துவ பீடத்தில் சொல்லித் தரவில்லை.

"இண்டைக்குக் கடைசி நாள் அம்மா."

சமாதான நீதவான் தீர்ப்பு வழங்கினார். "ஒரு நாள் பிந்தினா ஒரு வங்கியும் கவிழாது. நாளைக்குக் கட்டு பிள்ளை. நான் சொல்லுறன்."

வாதாடியிருக்கலாம். அதற்கு நிமிர்ந்து இருக்க வேண்டும். ஆரபி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சனிக்கிழமை கட்டினாள். சனி, ஞாயிறு வங்கி இல்லை; திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை. காசு செவ்வாய்க்கிழமைதான் பதிவில் ஏறியது.

அடுத்த மாதம் பச்சை அட்டைக்கு விண்ணப்பித்தபோது, வங்கியிலிருந்த கேதீஸ்வரி கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "போன மாசம் பிந்திக் கட்டியிருக்கிறியள் தங்கச்சி. ஆரும் பிணை வைச்சா இப்பவே போடலாம். இல்லாட்டி ஆறு மாசம் ஒழுங்காக் கட்டிப்போட்டு வாங்கோ."

ஆறு மாதம் காத்திருக்கலாம் என்றுதான் ஆரபி வீட்டுக்கு வந்து சொன்னாள். ஆனால் குணலட்சுமி உடனே அண்ணைக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் காலை மார்க்கண்டர் வெள்ளை வேட்டியில் வங்கி வாசலில் நின்றார். தோற்ற முகத்தோடு ஆரபி அவருக்குப் பின்னால் போனாள். தன் கடன் விவரங்களை வங்கி பார்க்கலாம் என்ற தாளில் அவர் ஆற அமரக் கையெழுத்திட்டு, யாரும் கேட்காமலே சீலையும் குத்தினார்.

கேதீஸ்வரி திரையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, ஒருக்கா உள்ளுக்கு வாறியளோ?"

"இஞ்சையே சொல்லும் பிள்ளை. எனக்கு ஒளிக்க என்ன கிடக்கு?"

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"உங்கடை கோல்ட் காட்டுக்கு வருசக் கட்டணம் கட்டுப்படாமல் நிக்குது. வட்டியும் ஏறியிருக்கு. உங்கடை பிணையை எடுக்கேலாது."

"நான் அதைப் பாவிக்கவே இல்லையே!"

"பாவிக்காட்டியும் கட்டணம் இருக்கு ஐயா. கடிதம் வந்திருக்குமே?"

மார்க்கண்டர் சீலை மூடிப் பைக்குள் போட்டார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. வெள்ளைச் சட்டையில் நீலம் மெல்லப் பரவியது.

வெளியே வெயில் கொளுத்தியது. அவர் கேட்காமலே ஆரபிக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

"உன்ரை அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

"சொல்லமாட்டன் மாமா." ஒரு மிடறு குடித்தாள். "நீங்களும் அந்த லான்ட்மாஸ்டர் கதையை விட்டிடுங்கோ."

அவர் சட்டைப் பையைக் கையால் மறைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தார். "ஓம்," என்றார்.

வீட்டில் குணலட்சுமி கேட்டாள், "எந்தக் காட் தந்தவை?"

"பழையதுதான். புதுசுக்கு ஆறு மாசம் செல்லும்." ஆரபி பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டாள். இப்போது அவள் கடைசி நாளுக்குக் காத்திருப்பதில்லை, புதன்கிழமைகளில் கட்டுகிறாள். புதன் நல்ல நாள் என்று தாய்க்கும் திருப்தி.

அதே மாதம் உறவுக்குள் ஓர் அந்தியேட்டி வந்தது. பந்தியில் யாரோ பழக்கதோசத்தில் எடுத்துக் கொடுத்தார்கள்: "அண்ணை, உந்த லான்ட்மாஸ்டருக்கு நீங்கள்தானே அண்டைக்கு..."

"ரசத்தை இஞ்சாலை விடுங்கோ," என்றார் மார்க்கண்டர்.

பக்கத்து இலையில் ஆரபியின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. கொஞ்சம் பயந்தும் போனார்.